போன் யார் கையில் இருக்கிறது? மத்தாரேயில் ஒரு பாதுகாப்புச் செயலி

கென்யத் தலைநகர் நைரோபியின் மையப்பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் போனால் மத்தாரே. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 2 லட்சத்துக்கு மேல் மக்கள். பரப்பளவோ சுமார் 3 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் ஒற்றை அறை வீடுகள், பத்தடிக்குப் பத்தடி. சுவரும் தகரம், கூரையும் தகரம். அந்தத் தகரத்தை சுவாஹிலியில் 'மபாத்தி' என்பார்கள். பக்கத்து வீட்டில் அடி விழுந்தால் இந்த வீட்டில் கேட்கும். இந்த வீட்டில் ஒருத்தி போனில் மெதுவாகப் பேசி அழுதால் அதுவும் பக்கத்து வீட்டில் கேட்கும்.

கணவனோ கூட வாழும் ஆணோ அடிக்கும் பெண்ணுக்கு போன் வழியாக உதவலாம் என்று சொல்லும் எல்லோரும் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்த ஒட்டுச் சுவருக்குத்தான். உதவி எண் இருக்கிறது, செயலி இருக்கிறது, எல்லாம் சரி. எங்கே உட்கார்ந்து பேசுவாள்? அவள் போனை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? போனே அவளுடையதுதானா?

இந்தக் கேள்விகளுக்கு நைரோபியில் ஒரு குழு கண்டுபிடித்த பதிலைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பாதிப் பதில்தான் என்றாலும் மதிக்க வேண்டிய பதில். அந்தப் பதிலுக்குள் மழையும் வெள்ளமும் வெயிலும் வந்து நின்றால் என்ன ஆகும் என்பது இரண்டாவது பகுதி.

கென்யாவில் இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று ஒரு எண் சொல்லிவிடுகிறேன். 2022இல் நடந்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 34 சதவீதம் பேர் 15 வயதுக்குப் பிறகு உடல்ரீதியான வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவர். சட்டம் இல்லாமல் இல்லை. 2015இலேயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. பணத்தைப் பிடுங்குவது, சம்பாதிக்க விடாமல் தடுப்பது போன்றவற்றையும் அது வன்முறை என்றே சொல்கிறது. 1195 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண் இருக்கிறது. 2020இல் கொரோனா ஊரடங்குக்கு முன்பு, பிப்ரவரியில், அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் 86. ஊரடங்கு வந்த பிறகு ஜூனில் ஆயிரத்துக்கு மேல். வீட்டுக்குள் அடைபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இத்தனைக்கும் அவை அழைக்க முடிந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான்.

செயலிக்குள் என்ன இருக்கிறது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கிளாஸ் என்ற செவிலியர் பேராசிரியர் தலைமையில் உருவானது 'மைபிளான்' என்ற பாதுகாப்புத் திட்டச் செயலி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளிலும் இதே வழியில் செயலிகள் செய்து சோதித்திருக்கிறார்கள். நைரோபிக்கு ஏற்ப அதை மாற்றியமைத்தவர்கள் மிஷேல் டெக்கர் தலைமையிலான ஆய்வாளர்களும் அங்கேயே வேலை செய்யும் உஜமா-ஆப்பிரிக்கா அமைப்பும்.

செயலி முதலில் உறவைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கும். அவன் உன்னைக் கட்டுப்படுத்துகிறானா, யாரிடம் பேசுகிறாய் என்று கண்காணிக்கிறானா என்பது போல. அடுத்து ஆபத்தின் அளவை மதிப்பிடும். ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் ஆய்வாளர் 1980களில் உருவாக்கிய கேள்விப் பட்டியல்தான் அதற்கு அடிப்படை. கடந்த ஓராண்டில் அடி அதிகமாகியிருக்கிறதா, கழுத்தை நெரித்தானா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினானா, அவனிடம் ஆயுதம் உண்டா, வேலை இல்லாமல் இருக்கிறானா, நீ பிரிந்து போக முயன்றாயா. இவற்றில் கழுத்தை நெரித்ததைப் பலர் பெரிய விஷயமாக எண்ணுவதில்லை, தழும்பு தெரியாது என்பதால். ஆனால் கொலையில் முடிந்த வழக்குகளைத் திரும்பிப் பார்த்தபோது முன்னறிகுறியாக மறுபடி மறுபடி தென்பட்டது அதுதான். பிரிந்து போகும் நேரமும் அப்படித்தான். 'விட்டுவிட்டு வந்துவிடு' என்று வெளியிலிருந்து சுலபமாகச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எனக்கு இந்தச் செயலியில் மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. இரண்டிரண்டு விஷயங்களை முன்னால் வைத்து, இப்போது உனக்கு எது முக்கியம் என்று கேட்கும். பிள்ளைகளின் நலமா, கையில் பணமும் இடமும் இருப்பதா? நாலு பேருக்குத் தெரியாமல் இருப்பதா, உயிருக்குப் பாதுகாப்பா? அவன்மேல் உனக்கு இருக்கும் பாசமும் அந்தப் பட்டியலில் உண்டு. அதைக் குற்றமாகப் பார்க்காமல் ஒரு தட்டில் வைத்து எடை போடச் சொல்கிறது. இப்படி யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறாயா இல்லையா என்பார்கள். தாய் வீட்டில் பொறுத்துப் போ என்பார்கள். இது இரண்டையும் விட்டுவிட்டு 'உனக்கு என்ன வேண்டும்' என்கிறது.

இத்தனையும் முடிந்த பிறகு அவளுக்கென்று ஒரு திட்டம் வரும். அவனுடனேயே இருக்கப் போகிறவளுக்கு ஒரு மாதிரி, கிளம்பப் போகிறவளுக்கு இன்னொரு மாதிரி. சண்டை முற்றும்போது அறையில் எந்தப் பக்கம் நிற்பது, பிள்ளைகளுக்கு என்ன சைகை, யார் வீட்டுக்கு ஓடுவது. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம் எல்லாம் வைத்த ஒரு பையை யாரிடம் கொடுத்து வைப்பது.

ஒரு சின்ன மாற்றம்

பணக்கார நாடுகளில் பெண்கள் இதைத் தங்கள் போனிலோ கணினியிலோ தனியாக உட்கார்ந்து பார்த்தார்கள். நைரோபியில் அது நடக்காது என்று குழுவுக்குப் புரிந்தது. நிறையப் பேரிடம் பட்டன் போன்தான். ஸ்மார்ட்போன் இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் பொது. கடவுச்சொல் வைத்தாலே 'என்னத்தை மறைக்கிறாய்' என்று அடி விழும்.

அதனால் செயலியை டேப்லெட்டில் ஏற்றி, அந்தப் பகுதியிலேயே வசிக்கும் சமூகச் சுகாதாரத் தன்னார்வலர்களின் கையில் கொடுத்தார்கள். நம் ஊரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வருகிற பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அப்படி. தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவார். படிக்கத் தடுமாறுகிறவளுக்குத் துணை இருக்கும். வேலை முடிந்ததும் டேப்லெட் அவரோடு போய்விடும். பெண்ணின் போனில் ஒரு சுவடும் இருக்காது. தன்னார்வலர் ஒரு வீட்டுக்குள் போவதைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதும் இல்லை, தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் வருகிற ஆள்தானே.

பார்க்கச் சின்ன மாற்றம். எனக்கு இதுதான் இந்தக் கதையின் நடுப்புள்ளி. போன் வழி உதவி என்றதும் எல்லோரும் பெண்ணின் கையில் போனைக் கொடுப்பதைப் பற்றியே யோசிக்கிறோம். நைரோபியில் வேலை செய்தது, அவள் நம்பும் இன்னொரு பெண்ணின் கையில் இருந்த கருவி.

352 பெண்கள்

நைரோபியின் மூன்று குடிசைப் பகுதிகளில், துணைவரின் வன்முறைக்கு ஆளான 352 பெண்களைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குச் செயலி, மறு பாதிக்கு வழக்கமான உதவித் தகவல்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டார்கள். முடிவுகள் 2020இல் பிஎம்ஜே குளோபல் ஹெல்த் இதழில் வந்தன.

வன்முறை குறைந்ததா? குறைந்தது. ஆனால் இரண்டு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவில். ஆகவே செயலிதான் அடியைக் குறைத்தது என்று சொல்ல முடியாது. அதை அந்த ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். உதவி தேடி வரும் நேரம் பொதுவாக நிலைமை மிக மோசமாக இருக்கும் நேரம், அதற்குப் பிறகு கொஞ்சம் தணிவது இயல்பு. தவிர, 'உனக்கு என்ன நடக்கிறது' என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டதே இரண்டு குழுவுக்கும் ஏதோ செய்திருக்கலாம். இந்தக் கடைசி வரி என் ஊகம்.

வித்தியாசம் தெரிந்த இடங்கள் வேறு. செயலியைப் பார்த்த உடனேயே, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று தயாராக இருப்பதாகச் சொன்ன பெண்கள் அதிகமானார்கள். தாங்கள் கையாண்ட பாதுகாப்பு வழிகள் பயன்பட்டன என்று மூன்று மாதம் கழித்தும் சொன்னார்கள். மிகக் கடுமையான வன்முறையை அனுபவித்தவர்களிடம் தாங்கி மீளும் திறன் கூடியது, உயிருக்கே ஆபத்தான வன்முறைக்கான வாய்ப்பு குறைந்தது. அப்புறம், எண்களுக்கு வெளியே, 'என் மேல்தான் தப்பு' என்ற எண்ணம் ஒன்று இருக்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தைச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. சோறு தாமதமானது, எதிர்த்துப் பேசியது, பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சிரித்தது என்று அடிக்கு ஒரு காரணம் சொல்லியே அவளை நம்ப வைத்திருப்பார்கள். அந்த நம்பிக்கை இருக்கும்வரை 1195 எண்ணைச் சுவரில் எத்தனை பெரிதாக எழுதினாலும் அவள் அழைக்க மாட்டாள். தப்பு தன்னுடையது என்று நினைப்பவள் யாரிடம் போய் என்ன புகார் சொல்வாள்?

கையில் இருக்கும் போன் செய்வது

பெண்ணிடம் போன் இருப்பதால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2007 மார்ச்சில் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா, போனிலேயே பணம் அனுப்பும் முறை, பெண்களின் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சுமார் 1 லட்சத்து 94 ஆயிரம் குடும்பங்களை வறுமையிலிருந்து தூக்கிவிட்டது, சுமார் 1 லட்சத்து 85 ஆயிரம் பெண்கள் விவசாய வேலையிலிருந்து சிறு வியாபாரத்துக்கு மாற உதவியது என்பது 2016இல் வெளியான கணக்கு. தன் பெயரில் பணம் இருக்கும் பெண்ணுக்குப் பேருந்து ஏறிப் போக ஒரு வழி இருக்கிறது.

ஆனால் அதே எம்-பெசாவில் ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் போகும்போதும் மீதி எவ்வளவு என்று குறுஞ்செய்தி வரும். போனைப் பிடுங்கிப் பார்க்கிறவனுக்கு அவள் சேர்த்து வைத்தது அத்தனையும் ஒரே வரியில் தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, 'சாமா' என்று அங்கே சொல்லும் பெண்களின் சீட்டுக் குழுக்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

போனில் பேசக் காசு இல்லாதபோது 'என்னைக் கூப்பிடு' என்று இலவசச் செய்தி அனுப்பும் வசதியும் உண்டு, கடனாகப் பேச்சு நேரம் வாங்கும் வசதியும் உண்டு. அந்தக் கடனின் பெயர் 'ஒகோவா ஜஹாசி', படகைக் காப்பாற்று என்று அர்த்தம். முழுகப் போகும் நேரத்தில் இரண்டு நிமிடப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

வெயில், வறட்சி, வெள்ளம்

துணைவர் வன்முறைக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்பு உண்டா என்பதில் இப்போது நிறையத் தரவு இருக்கிறது. 2011 முதல் 2018 வரை சஹாராவுக்குத் தெற்கே 19 நாடுகளில் 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தபோது, வறட்சி தாக்கிய பகுதிகளில் கட்டுப்படுத்தும் போக்கும் உடல், பாலியல் வன்முறையும் அதிகம் என்று தெரிந்தது. கென்யாவின் தரவை மட்டும் எடுத்த 2021 ஆய்வு ஒன்றில், கடுமையான வானிலைச் சேதத்தைச் சந்தித்த மாவட்டங்களில் பெண்கள் துணைவர் வன்முறையைச் சொல்லும் வாய்ப்பு 60 சதவீதம் கூடியிருந்தது. எல்லா ஆய்வும் இதையே சொல்லவில்லை. மழை தவறியதற்கும் வன்முறைக்கும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை என்று சொன்ன ஆய்வும் உண்டு. மழை தவறுவதிலிருந்து அடி விழுவதுவரை நேர்க்கோடு கிடையாது, நடுவில் சோறு, கடன், குடி, அவமானம் என்று பல படிகள் இருக்கின்றன.

நமக்கும் இது தூரத்துக் கதை கிடையாது. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றிலும் 1 லட்சத்து 94 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் தரவை வைத்து 2023இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு, ஆண்டுச் சராசரி வெப்பம் 1 டிகிரி கூடினால் துணைவர் வன்முறை சுமார் 4.5 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாக ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. 2018 டிசம்பரிலிருந்து 181 என்ற உதவி எண் இங்கே இயங்குகிறது. புயல் முகாமில் இருக்கும் பெண்ணுக்கு அந்த எண்ணை யார், எந்த மூலையில் வைத்துச் சொல்வார்கள் என்பதுதான் என் கவலை.

சரி, மத்தாரேக்குத் திரும்புவோம். நைரோபி குளிர்ந்த ஊர் என்று பெயர். ஆனால் குடிசைப் பகுதிகளுக்குள் கருவி வைத்து அளந்தபோது அதிகாரப்பூர்வ வானிலை நிலையம் காட்டுவதைவிடச் சில டிகிரி கூடுதலாக இருந்தது. தகரக் கூரை, மரம் இல்லை, காற்றோட்டம் இல்லை. 2020இன் கடைசியிலிருந்து அடுத்தடுத்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. வடக்கே மாடுகள் செத்து விழுந்தன. நகரத்தில் சோள மாவு விலை ஏறியது, தண்ணீர்க் குடத்துக்கு வரிசை நீண்டது. தண்ணீர் பிடிக்கப் போனவள் தாமதமாக வந்தால் எங்கே போனாய் என்ற கேள்வி. மாவு வாங்கக் காசு கேட்டால் அதற்கும் ஒரு சண்டை. ஆற்றோரம் காய்ச்சும் 'சங்கா' சாராயத்துக்கு மட்டும் பஞ்சம் கிடையாது.

வறட்சி முடிந்த கையோடு வெள்ளம். 2024 ஏப்ரல் கடைசியில் மத்தாரே ஆறு பொங்கிக் கரையோரத் தகர வீடுகளை அடித்துக்கொண்டு போனது. அந்த மழைப் பருவத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். வெள்ளம் வடிந்ததும் ஆற்றோரத்தில் இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும் என்று அரசு உத்தரவு, பின்னாலேயே புல்டோசர். வீடு இழந்தவர்களுக்கு 10,000 ஷில்லிங் தருவதாகக் குடியரசுத் தலைவர் மத்தாரேக்கே வந்து அறிவித்தார். இப்படி ஒரு தொகை அறிவிக்கப்படும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். ஒரு குடும்பத்தில் அது யாருடைய எண்ணுக்கு வரும்?

பை எங்கே

இப்போது செயலி போட்டுக் கொடுத்த திட்டத்தை எடுத்து அந்த ஏப்ரல் இரவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பை பக்கத்து வீட்டில். பக்கத்து வீடும் அதே ஆற்றின் கரையில்தான். ஓடிப் போவதற்குத் தேர்ந்தெடுத்த தோழியின் வீட்டைப் புல்டோசர் இடித்துவிட்டது, தோழி எந்த ஊருக்குப் போனாளோ. போன் நனைந்துவிட்டது. நனையாவிட்டாலும் மின்சாரம் இல்லை, சார்ஜ் போட்டுக் கொடுக்கும் கடையும் முழுகிவிட்டது. புது சிம் வாங்கிப் பழைய எண்ணை மீட்கலாம், அந்த எண்ணில்தான் எம்-பெசா பணம் இருக்கிறது. அதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டை பையில். பை ஆற்றில்.

தங்கியிருப்பதோ ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், அவனோடுதான். பெயர்ப் பதிவில் குடும்பத் தலைவன் அவன். இரவில் கழிப்பறைக்குப் போக அவனுடைய துணை வேண்டும், ஏனென்றால் இருட்டில் மற்ற ஆண்கள் அதைவிடப் பயம். யாரிடமிருந்து தப்ப நினைத்தாளோ அவனையே காவலுக்கு அழைத்துப் போகிற நிலை. பேரிடர்க் காலத்தில் பெண்கள் திரும்பிப் போவதை 'சமாதானம் ஆகிவிட்டார்கள்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கழிப்பறைப் பாதையைப் பார்த்ததில்லை.

இது செயலியைக் குறை சொல்வதற்காக எழுதியது கிடையாது. அது தனக்கு இட்ட வேலையைச் செய்தது. வீடு, அக்கம்பக்கம், தோழி, பை எல்லாம் நாளைக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் போட்ட திட்டம் அது, வேறு எப்படியும் போட்டிருக்க முடியாது. ஆற்றங்கரையில் அந்த நம்பிக்கைக்கு வருடத்தில் இரண்டு முறை சோதனை வரும். மார்ச்சிலிருந்து மே வரை நீண்ட மழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குறுகிய மழை.

வெள்ளத்துக்குப் பிறகும் எஞ்சி நிற்கக்கூடியது தன்னார்வலர்தான் என்று எனக்குப் படுகிறது. அவரும் அதே குடிசைப் பகுதியில் இருப்பவர், அவர் வீடும் முழுகலாம். ஆனாலும் அவர் ஒருவரல்ல. 2023 செப்டம்பரில் கென்ய அரசு இந்தத் தன்னார்வலர்களைச் 'சமூகச் சுகாதார ஊக்குநர்கள்' என்று பெயர் மாற்றி, நாடு முழுவதும் 1 லட்சம் பேருக்கு மருத்துவப் பையும் ஸ்மார்ட்போனும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆக, நம்பகமான பெண்களின் கையில் கருவி என்ற நைரோபி யோசனைக்கு வேண்டிய ஆட்களும் போனும் ஏற்கெனவே வந்துவிட்டன. சம்பளம்தான் சரியாக வருவதில்லை என்று அவர்களே தெருவில் இறங்கிப் போராடிய செய்திகளும் உண்டு. அதைத் தீர்க்காமல் இந்தப் பெண்களின் தலையில் இன்னொரு பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை.

சம்பளம் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில், நீண்ட மழை தொடங்குவதற்கு முன்னால், அவர் காய்ச்சல் பார்க்க வருகிற சாக்கில் இன்னும் சில கேள்விகள் கேட்கலாம். உன் பை வைத்திருக்கும் வீடு ஆற்றிலிருந்து எத்தனை தூரம், மேட்டில் இருக்கிற யாரிடமாவது மாற்றிவிடலாமா? அடையாள அட்டை எண் மனப்பாடமா, அதன் நகலை என்னிடம் கொடுத்து வைக்கிறாயா? போன் போய்விட்டால் யாருடைய எண் உனக்கு மனப்பாடமாகத் தெரியும், இப்போது பார்க்காமல் சொல்லிக் காட்டு. முகாமுக்குப் போக நேர்ந்தால் உன் பெயரைத் தனியாகப் பதியச் சொல்லி நான் கேட்கட்டுமா, அது உனக்கு ஆபத்தாகுமா? உதவிப் பணம் வந்தால் எந்த எண்ணைக் கொடுப்பாய்? நாம் இரண்டு பேரும் தொலைந்துவிட்டால், மழை விட்ட மூன்றாம் நாள் எந்தத் தண்ணீர்க் குழாயடியில் உன்னைத் தேடி வரட்டும்?